புது விமானத்தை நம்பிய உயரப் பெட்டிகள்

பனியன் ஊரான திருப்பூரில் விமானச் சரக்கு ஏஜென்டாக இருப்பவனைத் தேடி யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. வேலை நேரத்துக்கு முடிந்தால் சரக்கு தூத்துக்குடி போய்க் கப்பல் ஏறிவிடும். சாயப்பட்டறையில் கலர் ஒப்பாமல் துணி திரும்பி, தையலில் நாள் போய், கப்பலும் போன பிறகுதான் எங்கள் கதவைத் தட்டுவார்கள். இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். இல்லாதவர்கள் ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநரை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அதே வரவேற்புதான் எங்களுக்கும்.

சென்ற பருவத்தில் அப்படித் தட்டியவர்களில் ஒருவர் மல்லிகா. அவருடைய ஒரே ஆர்டர், அதை நம்பியிருந்த அறுபது பேர், விமானங்களைப் பற்றி எனக்கு இருந்த அரைகுறை அறிவு ஆகியவற்றால் விளைந்தவை கீழே.

பஜ்ஜியோடு ஒரு கூட்டம்

மல்லிகா வருவதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு விமானக் கம்பெனி திருப்பூர் ஹோட்டல் ஒன்றில் எங்களை எல்லாம் கூப்பிட்டுக் கூட்டம் போட்டது. நெடுந்தூரம் பறக்கும் புது விமானங்களை வாங்கியிருக்கிறோம், அடுத்த அட்டவணையில் ஒன்று சென்னையிலிருந்து நேராக ஐரோப்பாவுக்குப் போகும் என்றார்கள். திரையில் பெரிய விமானம் ஒன்றின் படம். பயணிகளின் காலுக்குக் கீழே அதற்கு ஒரு வயிறு இருக்கிறது. அதில் நூற்றறுபது சென்டிமீட்டர் உயரத்துக்குச் சரக்கு நிற்கும். வளைகுடாவில் இறக்கி, வேறு விமானத்துக்காக இரண்டு நாள் காத்துக் கிடக்கும் நம் பெட்டிகள் இனி ஒரே தாவலில் போய்விடும்.

எல்லாரும் கை தட்டினோம். என் பக்கத்தில் இருந்த அவிநாசி ஏற்றுமதியாளர் மட்டும் தட்டவில்லை. கையில் பஜ்ஜி இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். மென்று முடித்துவிட்டுச் சொன்னார்:

"பிளேன் புதுசுங்க, சந்தோசம். நம்ம சரக்கு லேட்டாகறது மட்டும் பழசாவே இருக்குதுங்களே."

மாப்பிள்ளை ஓட்டம்

ஜேசுராஜ் எங்கள் சென்னை ஆள். சாத்தான்குளத்துக்காரர். விமான நிலையச் சரக்குக் கூடத்தில் பன்னிரண்டு வருடமாக நிற்கிறார். ஒரு நாள் போன் செய்து, "அண்ணாச்சி, படத்துல காட்டுனாங்கல்லா, அந்தப் பிளேனு இங்க வந்து நிக்கி" என்றார். தினமும் டெல்லிக்குப் போகிறதாம், வருகிறதாம்.

ஐரோப்பாவுக்கு வாங்கிய விமானம் எதற்காக டெல்லிக்குப் போகிறது? புது விமானம் வந்தால் விமானிகளுக்கும் பணிப்பெண்களுக்கும் கை பழக வேண்டும். பழகுவதற்கு ஏறுவதும் இறங்குவதும்தான் முக்கியம். நெடுந்தூரம் போனால் ஒரு நாளைக்கு ஒருமுறைதான் இறங்கலாம். பக்கத்தில் போய்வந்தால் நான்கு முறை. புதுப் பேருந்தை முதல் வாரம் திருப்பூருக்கும் காங்கேயத்துக்கும் இடையே ஓட்டிப் பழகிவிட்டுப் பிறகு தொலைவுக்கு அனுப்புவது போல.

இதுவரை எனக்குச் சரியாகத்தான் தெரிந்திருந்தது. இதற்கு மேல் நானாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். சென்னையில் பழகுகிற விமானம் சென்னையிலேயே தங்கும் என்று முடிவு கட்டினேன். ஜேசுராஜிடம் அதைப் பெருமையாகச் சொன்னபோது அவர் சிரித்தார்.

"ஒரு மாப்ள நம்ம தெருவுல பத்து நாளு பைக் ஓட்டிப் பழகுதான்னா, நம்ம வீட்டுப் பொண்ணத்தான் கட்டுவான்னு அர்த்தமா அண்ணாச்சி?"

மல்லிகாவின் இரண்டு தேதிகள்

மல்லிகா வந்தது இதற்குப் பிறகு. அவிநாசி சாலையில் சொந்தமாக ஒரு சிறு கம்பெனி. டெய்லர், கட்டிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து அறுபது பேர். ஐரோப்பாவில் சரக்கு வாங்க ஒரே ஒரு பையர். அவருக்குச் சிறுமிகளின் பூப்போட்ட கவுன் தைத்துக்கொண்டிருந்தார். சாயப்பட்டறையில் துணி இரண்டு முறை திரும்பிக் கப்பல் போய்விட்டது.

பையர் இரண்டு தேதி கொடுத்திருந்தார். மடித்து அனுப்பினால் அங்கே பிரித்துத் தேய்க்க நான்கு நாள் ஆகும். ஆகவே பத்தாம் தேதிக்குள் வரவேண்டும். ஹேங்கரில் தொங்கவிட்டு அனுப்பினால் அப்படியே கடையில் மாட்டிவிடலாம். பதினான்காம் தேதி வரை பொறுப்பார்கள். அதற்கும் தவறினால் அவர்களுக்குச் சரக்கு கொடுப்பவர்களின் பட்டியலிலிருந்து மல்லிகாவின் பெயர் போய்விடும். மல்லிகாவுக்கு வேலை முடிவதே ஒன்பதாம் தேதிதான். ஹேங்கரை விட்டால் வேறு வழியில்லை.

ஹேங்கர் பெட்டி என் தோள் உயரம் வரும். கொச்சியிலிருந்து வளைகுடா வழியாகப் போகும் ஒரு பழைய பெரிய விமானத்தில் அப்போது இடம் இருந்தது. மெதுவாகப் போகும், ஆனாலும் பதின்மூன்றாம் தேதி சேர்ந்துவிடும். நான் அதைப் பிடித்து வைக்கவில்லை. புது விமானம் பதினோராம் தேதி சென்னையிலிருந்து நேராகப் போகிறதே! மல்லிகாவிடமும் அதையே சொன்னேன். எழுந்து போகும்போது ஒன்றைத்தான் சொன்னார்.

"எனக்கு ரெண்டாவது பையர் கெடையாதுங்ணா. அத மட்டும் நெனப்புல வெச்சுக்குங்க."

பேக்கிங் மாஸ்டரின் டேப்

ஒன்பதாம் தேதி மதியம் கம்பெனிக்குப் போனேன். பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு கம்பி, கம்பியில் கவுன்கள், ஒரு சுருக்கமும் இல்லை. பெண்கள் கடைசிப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று இரவு வீட்டுக்குச் சரியாகப் போகாதவர்கள்.

பேக்கிங் மாஸ்டர் கந்தசாமி ஒரு பெட்டியின் மேல் கையை வைத்து, "ஏனுங்க, இத்தன ஒசரமா இருக்குதே, பிளேனுக்குள்ள போகுமுங்களா?" என்று கேட்டார். அளவு டேப்பை வாங்கிப் பிடித்துக் காட்டினேன். நூற்று முப்பது சென்டிமீட்டர். விமானத்தின் வயிறு நூற்றறுபது கொள்ளும். முப்பது மிச்சம். கணக்குப் பாடம் நடத்துவது போல நிதானமாக விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு டேப்பைச் சுருட்டினார்.

"பொட்டிய நீங்க அளந்துட்டீங்க, சரிங்க. பிளேன யாருங்க அளந்தாங்க?"

இதுவும் புதுசுதான்

லாரி சென்னை போய்ச் சேர்ந்தது. பத்தாம் தேதி காலை ஜேசுராஜ் கூப்பிட்டார். குரலில் சிரிப்பு இல்லை. நாளைய விமானத்தை மாற்றிவிட்டார்கள். பெரியது மும்பைக்குப் போய்விட்டது; அங்கிருந்து அமெரிக்கா. சென்னைக்கு வேறொன்று வருகிறது. நடுவில் ஒரே ஒரு நடைபாதை உள்ள ஒல்லி விமானம். அதன் சரக்குக் கதவில் நம் பெட்டி நிமிர்ந்து நுழையாது.

விமானக் கம்பெனி அதிகாரியைப் பிடித்தேன். அவர் மரியாதையாகவே பேசினார். சென்னையில் பெரிய விமானத்தை நிரப்பப் பயணிகள் போதவில்லை. மும்பையில் விலை கூடிய இருக்கைகள் நிரம்புகின்றன. இந்த ஒல்லி விமானம் குறைந்த எரிபொருளில் அதே தூரம் போகும். கூட்டம் குறைந்த ஊர்களுக்காகவே செய்தது. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையே செய்திருப்பேன். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. கூட்டம் போட்டு எங்களுக்குப் படம் காட்டினீர்களே என்றேன்.

"நெடுந்தூரம் போற புது விமானம்னுதானே சார் சொன்னோம். இதுவும் புதுசு, இதுவும் அவ்ளோ தூரம் போகும்."

படுக்க வைத்த பெட்டிகள்

கொச்சிக்குப் போன் செய்தேன். என்னைப் போலவே சென்னையை நம்பியிருந்த ஏஜென்டுகள் எல்லாரும் எனக்கு முன்பே செய்திருந்தார்கள். பெங்களூரும் அப்படித்தான். எங்கும் பதினாறாம் தேதிக்கு முன்னால் இடமில்லை. ஒரே ஒரு வழி இருந்தது: பெட்டிகளைப் படுக்கப்போட்டு அதே ஒல்லி விமானத்தில் ஏற்றுவது. நேரத்துக்குப் போகும். ஆனால் கவுன்கள் ஹேங்கரிலிருந்து நழுவி ஒரு மூலையில் குவியும்.

மல்லிகாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். கொச்சியில் இடம் இருந்தபோது பிடிக்காதது என் தப்பு என்பதையும் சொன்னேன். அவர் காலண்டரில் பதினான்காம் தேதியைப் பார்த்தார். பிறகு, "போடச் சொல்லுங்ணா. வராததுக்குக் கசங்கி வந்தாலாவது கண்ணுல படும்" என்றார். ஜேசுராஜ் கூடவே நின்று ஒவ்வொன்றாகப் படுக்க வைத்தார். முடிந்ததும் எனக்குப் போன் வந்தது.

"பிள்ளைகளத் தூங்கப் போடுத மாதிரி மெதுவாத்தான் வச்சேன் அண்ணாச்சி. உள்ள சரியுத சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு."

இரண்டு வரி மெயில்

சரக்கு பன்னிரண்டாம் தேதியே போய்ச் சேர்ந்தது. பெட்டியைத் திறந்தவர்கள் கசங்கலைப் பார்த்து, இவற்றைத் தேய்த்தாக வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். தேய்க்க வேண்டியது என்றால் மடித்து வந்த சரக்கு. அதற்குக் கெடு பத்தாம் தேதி. மெயில் இரண்டே வரி. சரக்கைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறோம். அடுத்த பருவத்துக்கு உங்கள் பெயர் பட்டியலில் இல்லை.

அடுத்த மாதம் போனபோது மல்லிகா மெஷின்களை ஒரு பெரிய கம்பெனிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். டெய்லர்களில் பாதிப் பேரை அங்கேயே சேர்த்துவிட்டிருந்தார்; அவரும் அங்கே சூப்பர்வைசராகப் போகிறார். மீதிப் பேருக்கு இன்னும் இடம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் கையில் இருந்த பட்டியலில் ஒரு பெயரை அடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க மேல கோவமில்லைனு பொய் சொல்ல மாட்டேனுங்ணா. இன்னும் இருவத்தி மூணு பேரு இருக்காங்க, உங்களுக்குத் தெரிஞ்ச கம்பெனியில சொல்லி உடுங்க."

இருபத்து மூன்றில் பதினான்கு பேருக்கு நான் இடம் பிடித்துவிட்டேன். விமானத்தில் இடம் பிடிப்பதைவிட அது சுலபமாகத்தான் இருக்கிறது, யாரையும் படுக்கப்போட வேண்டியதில்லை.