சுவரொட்டியில் சிரித்தவர்

என் எழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒஸ்லோவில் நான் துப்புரவு வேலை செய்யும் அரங்கில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஐஸ் ஹொக்கி உலகப் போட்டி நடந்தது. சறுக்குவண்டியில் அமர்ந்து, இரண்டு கைகளிலும் குட்டைத் தடி பிடித்து ஆடுவார்கள். வாசல் சுவரொட்டியில் இந்த நாட்டு அணிச் சட்டையோடு பெரிதாகச் சிரித்தவர் திருகோணமலைத் தமிழர். வேலையிடத்தில் எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்பட்டேன்.

முதல் நாள் அவரே அதன் கீழே சக்கரநாற்காலியில் இருந்தார். அகன்ற தோள்கள், இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. கையெழுத்து வாங்கிய பிள்ளைகள் எப்போது விளையாடுவீர்கள் என்று கேட்டார்கள். "நாளைக்கு" என்றார். மறுநாளும் அதே பதில்.

நான் கூச்சக்காரன். மூன்றாம் நாள்தான் பக்கத்தில் போனேன்.

"தம்பி, இண்டைக்கும் விளையாட இறங்கேல்லையோ?"

"படத்துக்கு என்னைக் கூப்பிட்டவை, அண்ணை. விளையாட வேறை ஆள். அணியிலை ஆர் ஆர் எண்டு பேர் வாசிக்கேக்கைதான் எனக்கே தெரியும். வருசக்கணக்கா இந்த விளையாட்டைப் பழகினனான்."

"அப்ப ஏன் இஞ்சை வாறியள்?"

"என்ரை முகத்தைத் தனிய விட்டிட்டுப் போகலாமோ?" என்று சிரித்தார். சுவரொட்டியில் இருந்த சிரிப்பு அதுவல்ல.

கடைசி ஆட்டம் முடிந்ததும் சுவரொட்டியைக் கழற்றும் வேலை எனக்கு வந்தது. அவர் கீழே இருந்து பார்த்தார். அப்போதும் ஒரு பிள்ளை வந்து கேட்டது. "நாளைக்கு" என்றார்.

போட்டி முடிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். அதை யாருக்காகச் சொன்னார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஒருவழியாக எழுதி முடித்தது: பங்குனி 8ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.