பாதியில நின்ன காவேரி

இத எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். என் கையெழுத்தே கோழி கிண்டுன மாதிரி இருக்கும். போதாததுக்கு, இதுல சிரிக்கவும் ஒண்ணுமில்ல. ரெண்டு வாட்டி பேனாவ மூடி வெச்சிட்டு வெத்தல போடப் போயிட்டேன்.

நான் கொள்ளேகால்காரன். பள்ளிக்கூடத்தப் பாதியில விட்டுட்டு, பட்டு மண்டியில மூட்டை தூக்கிட்டுக் கெடந்தவன். அப்புறம் தட்டுத்தடுமாறிப் பரீட்சை தேறி, மிடில் ஸ்கூல் வாத்தியார் ட்ரெயினிங்குக்கு மைசூர் வந்தா, கூடப் படிக்கிறவனுகளுக்கு மீசையே மொளைக்கல. என்னவிடப் பெரியவர் ஒருத்தர்தான். ரயில்வே குமாஸ்தா வேலைய உதறிட்டு வந்தவர், காதோரம் நரை. பேரனச் சேக்க வந்தீங்களாங்ணான்னு மொத நாளே கேட்டேன். இல்லடா, தொட்டில்ல இருந்து ஒண்ணு எறங்கி ஓடிருச்சாம், தேடிட்டு வந்தேன்னார். அன்னைக்கே ஒட்டிக்கிட்டோம், அதுலருந்து எனக்கு அவர் அண்ணன்.

அவர் சம்சாரமும் ரெண்டு பொண்ணுகளும் ஸ்ரீரங்கப்பட்டணத்துல மச்சினன் வீட்டுல. இருந்த வேலைய விட்டவன்னு அங்க அவருக்குச் சோறு போடறதோட ரெண்டு பேச்சும் போடுவாங்க. ட்ரெயினிங் தேறி வாத்தியார் வேலை கெடச்சாத்தான் பொண்டாட்டி புள்ளைகளக் கூட்டிட்டு வரலாம்.

பனிக்காலத்துல அவருக்குத் தொண்டை கட்டுச்சு. மொளகு, வெல்லம், சித்தரத்தை எல்லாம் ஆச்சு, கட்டுனது விடல. இருமும்போது மட்டும் வெளிய போயிருவார். டாக்டர்கிட்டப் போலாம்னு நான் சொன்னா, பாடம் முடியட்டும்பார்.

பாடம்னா கடைசிப் பாடம். நெஜப் பசங்களுக்கு நாம வகுப்பெடுக்கணும், ட்ரெயினிங் ஸ்கூலுக்குத் தலைவரான சூப்பரெண்டு கடைசி பெஞ்சுல உக்காந்து மார்க் போடுவார். அவர் காதுக்குக் குரல் எட்டலைன்னா வருஷம் போச்சு. அந்த வகுப்போ சந்தைக்கடை. பெஞ்சு ஆடும், சிலேட்டு விழும், வெளிய ஜட்கா சத்தம். அண்ணனோட குரல் மொத பெஞ்சத் தாண்டாது.

எனக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை, சூப்பரெண்டு மாதிரி மூக்கால பேசறது. அந்தப் பசங்களுக்கு அதுன்னா உசுரு. அண்ணன் பாடத்துக்கு மொத நாள் அவனுககிட்டப் போய் ஒப்பந்தம் போட்டேன். நாளைக்கு வர்ற மேஷ்ட்ரு பாடத்துல ஒரு பெஞ்சு முனகினாலும் இனிமே மூக்குப் பேச்சு கெடையாது. கம்முன்னு இருந்தா, சூப்பரெண்டு சூடா காப்பி குடிக்கறதச் செஞ்சு காட்டறேன்னேன்.

பாவிப் பசங்க, சொன்னபடி இருந்தானுக. மூச்சு விட்டானுகளான்னே தெரியல. அண்ணன் பூகோளம் எடுத்தார். குடகுல ஆரம்பிச்சு போர்டுல காவேரிய இழுத்துட்டே வந்தார். மெல்லத்தான் பேசினார், கன்னடத்துல ஒவ்வொரு சொல்லும் நான் உக்காந்திருந்த கடைசி பெஞ்சு வரைக்கும் வந்துச்சு. தேறிட்டார்னு நான் தொடையத் தட்டிக்கிட்டேன்.

அப்பத்தான் இன்னொண்ணும் கேட்டுச்சு. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவுல, அவர் நெஞ்சுக்குள்ள கர்ர், கர்ர்னு, ஓட்டைத் துருத்தி மாதிரி. சந்தைக்கடையா இருந்திருந்தா எவன் காதுலயும் விழுந்திருக்காது. சூப்பரெண்டு பென்சில வெச்சிட்டார். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கிட்ட ஆறு ரெண்டாப் பிரியற எடத்துல, போதும், நிறுத்துங்கன்னார். திட்டல. எத்தனை நாளா இப்படின்னு மட்டும் கேட்டார். அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

காசம். நெஞ்சுல ரெண்டு பக்கமும் பரவிருச்சு. பசங்க நடுவுல நிக்கக்கூடாதுன்னு ரிஜிஸ்டர்ல அவர் பேர அடிச்சிட்டாங்க. சூப்பரெண்டு மேல கோவப்படலாம்னு பாத்தேன், முடியல. மொத பெஞ்சுல இருந்தவனுகளும் புள்ளைகதானே.

மூணாம் நாள், என் பாடத்துக்கு மொத நாள், அவர வழியனுப்ப ரயிலடிக்குப் போனேன். டிரங்குப் பெட்டி மேல உக்காந்திருந்தார். மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, தள்ளி உக்காருடான்னார். மச்சினன் வீட்டுல என்ன சொல்லப் போறீங்கன்னு கேக்கத் தைரியம் வரல. கேலி பண்ணவும் ஒண்ணும் கெடைக்கல. பசங்ககிட்ட ஒப்பந்தம் போட்டத மட்டும் சொன்னேன்.

"நான் அவனுகளச் சும்மா விட்டிருந்தா அந்தச் சத்தம் வெளிய தெரிஞ்சிருக்காதுங்ணா."

வண்டி வர்ற தெசையப் பாத்துக்கிட்டே சொன்னார்:

"நாளைக்கு உன் பாடத்துக்கு அவனுகள அதே மாதிரி உக்கார வெய்டா, பாக்கலாம்."