சத்தமில்லாத கரடிக்குட்டி

சின்ன வயதில், போர்க்கால யாழ்ப்பாணத்தில், சனிக்கிழமை காலைகளில் நானும் அக்காவும் பக்கத்து வீட்டில் ஒரு கரடிக்குட்டி கார்ட்டூன் பார்ப்போம். ஹெலிகொப்டர் வந்தால் காதில் விழ வேண்டுமென்று டிவியின் சத்தத்தை முற்றாகக் குறைத்துவிடுவார்கள். எல்லாக் குரல்களையும் அக்காதான் பேசுவாள். கடைசிக் காட்சியில் ஒரு பெரிய கரடி பனியைக் கடந்து வந்து குட்டியிடம் குனியும். “அப்பா வந்திட்டன் எண்டு சொல்லுது” என்பாள்.

லண்டனில், முப்பதை நெருங்கிய வயதில், வெம்பிளிக் கடையொன்றில் அதன் டிவிடி அகப்பட்டது. முதன்முறையாகச் சத்தத்தோடு பார்த்தேன். பெரிய கரடி குனிந்து, ஆற்றுக்கு எந்தப் பக்கம் போவது என்று கேட்டது. கேட்டுவிட்டுத் தன்பாட்டில் போய்விட்டது.

லண்டனின் மறுபக்கம் பிளேஸ்டோவில் இருந்த அக்காவுக்கு போன் எடுத்தேன்.

“அக்கா, அது தகப்பன் கரடி இல்லை. வழி கேக்க வந்தது.”

“கலியாணம் கட்டுற வயசில கரடிப்படம் பாக்கிறியோ?” என்று சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. “அப்பாவை ஆமி பிடிச்சுக்கொண்டுபோன நேரமடா. நீ சாப்பிடாமல் கிடந்தாய். வேற என்னத்தைச் சொல்லுறது?”

அப்பா திரும்பி வரவேயில்லை.

அக்காவுக்கு அப்போது பத்து வயது. அவளும் சாப்பிடாமல் கிடந்தாளா என்று அன்றுவரை நான் யோசித்ததே இல்லை.