அண்ணனுக்கும் அதே விதி

சட்டாம்பிள்ளை என்றால் அந்தத் திட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். நூலகங்களுக்கான இலவச மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் நிரலைத் திருத்தி அனுப்பலாம். அதைத் தொடங்கிய அண்ணன் மாடியில் இருக்கிறார். கீழே சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து, திருத்தங்களை எந்த முறையில் அனுப்ப வேண்டும் என்று வழிகாட்டி எழுதியவள் தங்கை. பகலில், அதே மென்பொருள் ஓடும் ஒரு நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் வேலை. அவளுடைய கறாரைப் பார்த்துப் பங்களிப்பாளர்கள் வைத்த பட்டப்பெயர்தான் சட்டாம்பிள்ளை. அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

வழிகாட்டி எழுதுவது சள்ளை பிடித்த வேலை. நிரல் எழுதினால் கைதட்டுவார்கள். "உன் திருத்தத்துக்குத் தனிக் கிளையாக ஒரு நகல் போட்டுக்கொள், எல்லோருக்கும் பொதுவான மெயினில் நேராகக் கை வைக்காதே" என்று எழுதினால் யார் கைதட்டுவார்? அதனால்தான் அது அவள் தலையில் விழுந்தது. விழுந்ததை அவள் ஒழுங்காகச் செய்தாள். அதில் முக்கியமான விதி, எழுதியவரே தன் திருத்தத்தை மெயினில் சேர்க்கக் கூடாது, இன்னொருவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்பது. அண்ணன் படித்துவிட்டு, "புதுசா வர்றவங்களுக்கு ரொம்ப உபயோகமா இருக்கும்" என்றார். புதிதாக வருகிறவர்களுக்காம்!

ஒருநாள் காலை, திருப்பிக் கொடுத்த புத்தகங்கள் எல்லாம் இன்னும் வெளியே இருப்பதாக நூலகக் கணினி காட்டியது. வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர், "என்னைத் திருடன்னு சொல்றியாம்மா?" என்று கேட்டேவிட்டார். அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. மெயினில் சேர்வதெல்லாம் மறுநாளே நூலகங்களுக்கு வந்துவிடும். திறந்து பார்த்தாள். முந்தைய நாள் யாரிடமும் காட்டாமல் அண்ணன் நேராக மெயினில் சேர்த்த திருத்தம்தான் காரணம்.

அதை நீக்கும் மாற்றத்தை எழுதி, இன்னொரு பங்களிப்பாளர் சரி சொன்ன பிறகு சேர்த்தாள். விதி மீறல் என்று காரணத்தைப் பொதுவிலேயே போட்டாள். பிறகு மெயினுக்கு ஒரு பூட்டு. இனி அண்ணனாலும் நேராக எதையும் சேர்க்க முடியாது.

சாயங்காலம் அண்ணன் தாம் தூம் என்று இறங்கி வந்தார்.

"நான் ஆரம்பிச்சது. எனக்கே பூட்டா?"

"எல்லாருக்கும்தான்ணா."

"பூட்டைத் திறக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. உன்னோட நிர்வாக அனுமதியையும் எடுத்துடுவேன், பாத்துக்கோ."

"எடு. எதுக்கு எடுத்தேன்னு எல்லார் முன்னாடியும் எழுதிட்டு எடு."

பின்னாலேயே வந்த அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவருதான் பெரியவரு. கொஞ்சம் விட்டுக்கொடேன்."

"வீட்டுல எத்தனை வேணும்னாலும் விட்டுக்கொடுக்கறேன் அண்ணி. இதுல மாட்டேன்."

பேசும்போது இருந்த தைரியம் அவர்கள் மாடி ஏறியதும் கரைந்தது. பயமாகத்தான் இருந்தது. அனுமதி போனால் இந்தத் திட்டத்தில் அவள் யாரோ ஒருத்தி. தனக்கென்று அவள் ஆசைப்பட்டுச் செய்த வேலை வேறு எதுவும் கிடையாது. ஆனால் பூட்டை எடுக்க மட்டும் கை போகவில்லை. அண்ணனுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம் என்றால் அந்த வழிகாட்டியைக் கிழித்துப் போடலாமே!

மறுநாள் நூலகத்துக்குக் கிளம்பும் முன் திறந்து பார்த்தாள். அவளுடைய அனுமதி அப்படியே இருந்தது. பூட்டும் இருந்தது. அண்ணனிடமிருந்து ஒரு திருத்தம் வந்திருந்தது. "நிறுவனருக்கு இந்த விதி பொருந்தாது" என்று வழிகாட்டியில் ஒரு வரி சேர்க்க வேண்டுமாம். காரணம் கேட்ட இடத்தில் "நான் நிறுவனர்" என்று போட்டிருந்தார்.

ஆனால் தனிக் கிளையில் போட்டிருந்தார். பார்த்துச் சரி சொல்ல வேண்டியவர் என்ற இடத்தில் தங்கையின் பெயரையும் கொடுத்திருந்தார். விதியிலிருந்து விலக்குக் கேட்டு, விதிப்படியே வந்து நின்றார் மனிதர்.

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நின்றபடியே பதில் எழுதினாள்: "ஏற்கவில்லை. நிறுவனர் என்பது காரணம் ஆகாது."