மெசினை நிறுத்திய அம்மா

மல்லாவிச் சந்தையில் மரக்கறி வாங்கும்போது, கடையொன்றின் வானொலியில் நாதசுவரம் கேட்டது. அம்மாவின் நினைவு வந்தது.

அம்மா முரசுமோட்டையில் தையல்காரி. சினிமாப் பாட்டுக் கேட்டால் மெசினை இன்னும் வேகமாக மிதிப்பார். ஒருநாள் கலியாணச் சட்டைக்காக ஒரு பெண் காத்திருந்தாள். வானொலியில் நாதசுவரம் தொடங்கியதும் அம்மா மெசினை நிறுத்திவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார்.

"ஐயோ அக்கா, பஸ் போயிடும்!"

"பாட்டெண்டால் தைச்சுக்கொண்டே கேப்பன். இதை அப்பிடிக் கேக்கேலாது. கொஞ்சம் இரும் பிள்ளை."

முகத்தைச் சுளித்தபடி கதிரையில் இருந்தவள், சிறிது நேரத்தில் தானும் கண்களை மூடிக்கொண்டாள்.

வாசிப்பு முடிந்தபோது பஸ் போயிருந்தது. அம்மா சட்டையைத் தைத்து முடித்து, அவளைச் சைக்கிளில் ஏற்றி அவளின் ஊரான கண்டாவளை வரை மிதித்தார்.

அம்மாவைப்போல் ஒரு ரசிகையை நான் இன்னும் காணவில்லை.