சக்கரம் ஆறும் வரை

கருகிய வெல்லப்பாகின் வாசனை. கணபதியில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மூக்கில் ஏறியது. இரும்பு வார்க்கும் பட்டறைகளில் அச்சு மணலோடு சர்க்கரை ஆலைப் பாகைக் கலப்பார்கள். உருகிய இரும்பு பட்டால் அது கருகும். இரண்டு வருடம் முன்பு சென்னையில் ஒரு பட்டறை வாசலில், இதே வாசனைக்குள், கால் மாற்றிக் கால் மாற்றி நின்றிருக்கிறேன். அந்த ஞாபகம் வந்தது. வந்த வேகத்திலேயே தள்ளிவிட்டேன்.

1993, மே கடைசி வாரம். காலை ஏழேகால் மணி. கோயமுத்தூர் ரயிலடியிலிருந்து கணபதி ஆறு கிலோமீட்டர். எனக்கு ஒன்றரை ரூபாய் டிக்கெட், என் சாக்குமூட்டைக்கு இன்னொரு ஒன்றரை ரூபாய். இறக்கிவிடக் கை கொடுத்த கண்டக்டர் கேட்டார்: "ஏனுங்க, சாக்குல அம்மிக்கல்லுங்களா?"

அம்மிக்கல் இல்லை. உடைந்த இரும்புச் சக்கரம். சென்னையில் நான் நடத்தும் சிறிய அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தின் சக்கரம். நான்கு நாள் முன்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ஆரக்கால் ஒன்று முறிந்து, தெறித்த துண்டு ஏழுமலையின் காதை உரசிக்கொண்டு சுவரில் மோதியது. ஏழுமலை பதினோரு வருடமாக என்னிடம் காகிதம் வெட்டுகிறவர். பள்ளி திறக்கப் பத்து நாள். பத்தாயிரம் நோட்டுப் புத்தகம் விளிம்பு வெட்டாமல் கிடக்கிறது. நான் அவர் காதைப் பார்க்கவில்லை, சக்கரத்தைத்தான் பார்த்தேன். "கட்டுக் கட்டாகத் திணித்து உடைத்துவிட்டாய். நான் திரும்பி வரும்வரை படியேறாதே" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

எட்டு மணி. சிவசாமியின் பட்டறை. கல்லூரி விடுதியில் என் அறைத் தோழன். துடியலூர்ப் பக்கம் தோட்டம், இங்கே மோட்டார் பம்ப்புக்கு வார்ப்படம். "வாங்க வாங்க, மூஞ்சி ஏன் இப்பிடி வத்திக் கெடக்குது? மொதல்ல டீ குடிங்க" என்றான். மரியாதையாகப் பேசித்தான் கேலி செய்வான்.

டீ வருவதற்குள் சாக்கைப் பிரித்து, துண்டு ஏழுமலையின் காதை உரசியது வரை சொல்லிவிட்டேன். அச்சு பிடிக்கும் மேஸ்திரி காதர் பாய், முப்பத்தைந்து வயதிருக்கும், முறிந்த ஆரக்காலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"பாருங்க. ஒடைஞ்ச எடத்துல பாதி வெள்ளை, பாதி கறுப்பு. வெள்ளை இப்ப ஒடைஞ்சது. கறுப்பு, பொறந்தப்பவே உட்ட விரிசலுங்க. சூடு ஆறங்குள்ள மணலைப் பிரிச்சிருக்காங்க. யாருங்க அது, நின்னு அவசரப்படுத்துனது?"

"அந்தப் பட்டறைக்காரங்கதான்" என்றேன். வாய் தானாகச் சொன்னது. கருகிய பாகின் வாசனை இன்னொரு தரம் அடித்தது.

மாலை நான்கு மணி. உலை திறந்தார்கள். உடைந்த சக்கரத்தையே ஒட்டவைத்து, அதைக் கொண்டு மணலில் புது அச்சு பிடித்திருந்தார் காதர். இந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். இரும்பு ஊற்றும் நாளில் முதலாளி சிவசாமி பனியனோடு வரிசையில் நிற்கிறான். அன்றைக்கு உத்தரவு முழுக்கக் காதருடையது. உருகிய இரும்பு இளவேனிற் சூரியனைக் கரண்டியில் அள்ளியதுபோல் வந்தது. சிவசாமி சற்று முந்திக் கரண்டியைச் சாய்த்தான்.

"மொதலாளி, கையை எடுங்க! நான் சொன்னதுக்கப்பறந்தான்!"

"எடுத்துப்போட்டேனுங்க பாய்" என்று சிவசாமி பின்வாங்கினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். என் அச்சகத்தில் பசை டப்பாவைத் திறக்கக்கூட என்னைக் கேட்பார்கள். அதற்குத்தான் நிர்வாகம் என்று நான் பெயர் வைத்திருந்தேன்.

நாலரை மணிக்கு ஊற்றி முடிந்தது. ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் இருக்கிறது, ஆறு மணிக்குப் பிரிக்கலாமா என்றேன்.

"நாளைக்குக் காத்தாலதானுங்க" என்றார் காதர். "சுத்து வட்டம் தடிமன், ஆரக்கால் மெல்லிசு. மெல்லிசு சீக்கிரம் ஆறிரும், தடிமன் மெதுவா ஆறும். அதுக்குள்ள எடுத்தா ஒண்ணை ஒண்ணு இழுத்து விரிசல் உட்டுரும்."

சிவசாமியைத் தனியே இழுத்துப் போனேன். "நீ ஒரு வார்த்தை சொல்லேன். உன் பட்டறைதானே?"

"நான் சொன்னா பாய் பிரிச்சுப்போடுவாருங்க. அதனாலதான் சொல்ல மாட்டேன்."

ராத்திரி ரயில் டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டேன்.

ஆறு மணி. சிவசாமியின் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து துடியலூர் போனேன். மேற்கே மலை, நீலம் கரைந்து சாம்பலாகிக்கொண்டிருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று சட்டைக்குள் புகுந்து புறப்பட்டது. சென்னையில் இந்நேரம் சுவரில் கை வைத்தால் சுடும். சிவசாமியின் மனைவி அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சோற்றில் நெய் விட்டு, "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்க, ஊட்டுல கேட்டா பட்டினி போட்டோம்னு சொல்லிப்போடுவீங்க" என்றார். மூன்று முறை வாங்கினேன். சாப்பிடும்போது கடிகாரத்தைப் பார்க்காமலிருப்பது எவ்வளவு நாளைக்கு அப்புறம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், தெரியவில்லை. எங்கோ ஆறு கிலோமீட்டர் தள்ளி, மணலுக்குள், என் சக்கரம் யாரும் தொடாமல் ஆறிக்கொண்டிருந்தது. அதற்கு நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. கயிற்றுக் கட்டிலில் படுத்ததும் தூங்கிப்போனேன்.

மறுநாள் காலை எட்டு மணி. அச்சுப் பெட்டியைப் பிரித்து, மணலை உதிர்த்து, சக்கரத்தைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார் காதர். நீளமாக ஒலித்து அடங்கியது. ஆரக்கால் ஒவ்வொன்றையும் தட்டினார். ஆறு காலும் ஒரே குரல். "சுத்தமுங்க, விரிசலே இல்லை" என்றார்.

சக்கரம் பக்கத்துத் தெரு லேத்துக்குக் கடைசலுக்குப் போன நேரத்தில் எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தேன். அச்சகத்தில் பைண்டிங் பார்க்கும் சரோஜா அம்மா எடுத்தார். தப்பு ஏழுமலை மேல் இல்லை, வரச் சொல்லுங்கள் என்றேன்.

"தப்பு யார் மேல சார்?"

மீட்டரில் சிவப்பு எண் ஓடியது. "என் மேலதாம்மா. ரெண்டு வருஷம் முன்னாடி அந்தச் சக்கரத்தைச் சூடு ஆறுறதுக்குள்ள பிரிக்கச் சொல்லி வாங்கிட்டு வந்தேன்."

அந்தப் பக்கம் காகிதக் கட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "இதை நான் போய்ச் சொல்ல முடியாது சார். எல்லார் முன்னாலயும் போகச் சொன்னது நீங்க. நீங்களே போய்க் கூப்பிடுங்க."

அச்சகம் நடத்தும் இத்தனை வருடத்தில் என்னிடம் இப்படி யாரும் பேசியதில்லை. ஆச்சரியம், எனக்குக் கோபம் வரவில்லை.

மாலை ஐந்தரை மணி, போத்தனூர். கேரளத்திலிருந்து வரும் சென்னை வண்டி கோயமுத்தூருக்குள் போகாமல் இங்கே நின்று போகும். காதருக்கு வீடு போத்தனூரில்தான். "வீட்டுக்குப் போற வழிதானுங்க" என்று ஆட்டோவில் கூடவே வந்து, சாக்கின் ஒரு முனையைப் பிடித்தார். நடைமேடை வேப்பமரத்தடியில் இரண்டு டீ, மூன்று ரூபாய். வண்டி அரை மணி தாமதம் என்றார்கள். நல்லது என்று நினைத்தேன், நானா நினைத்தேன் என்றும் நினைத்தேன்.

"காதர், அன்னைக்கு நின்னு அவசரப்படுத்தினது நான்தான்."

"தெரியுமுங்க."

"எப்படி?"

"நேத்து நாலு மணியிலிருந்து அஞ்சு மணிக்குள்ள எத்தனை வாட்டி வாட்சைப் பாத்தீங்க!" காதர் டீயை ஊதிக் குடித்தார். "அந்தாளுக்குக் காது எப்பிடிங்க இருக்குது?"

"தெரியாது. கேக்கல. ரயிலை விட்டு இறங்கி நேரா அவர் வீட்டுக்குத்தான் போறேன்."

வண்டி வந்தது. இருவருமாகச் சக்கரத்தை ஏற்றி, சீட்டுக்கடியில் தள்ளினோம். காதர் இறங்கி ஜன்னலோரம் நின்றார். நான் கம்பி வழியே கை நீட்டினேன். மணல் படிந்த கை, பற்றியது. வண்டி அசைந்தபோது கையை விடாமல் நாலு எட்டு நடந்தார்.

"ஏனுங்க, சக்கரத்தை மாட்டி மொதல்ல ஓட்டறப்ப, அந்தாளு நின்ன எடத்துல நீங்க நில்லுங்க."

"நிக்கறேன் பாய். வாரேனுங்க."