முதல் வெர்ஷனா, ரெண்டாவதா?

கிட்டார்ல மெட்டல் மியூசிக் வாசிக்க பழைய ட்யூப் ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு வாங்கணும். நான் பாத்து வெச்ச ஆம்ப் ரெண்டு வெர்ஷன்ல வந்துகீது. ஒரு மாசமா ஒரே பேஜாரு.

நம்ம கிட்டார் குரூப்ல பாதிப் பேரு முதல் வெர்ஷன்தான் கெத்துங்கிறான், மீதிப் பேரு ரெண்டாவதுங்கிறான். மாத்தி வாங்கிட்டா மானம் போயிடும்.

இன்னிக்கு கல்மண்டபம் ஏரியாவுல ஆம்ப் ரிப்பேர் பண்ற அந்தோணி அண்ணன்கிட்ட ரெண்டுமே விலைக்கு இருந்துச்சு.

"வூட்ல வால்யூம் எத்தினி வெப்ப?"ன்னாரு.

"மூணைத் தாண்டுனா பக்கத்து வூட்டு அக்கா செவுத்தைத் தட்டும்ணா."

ரெண்டையும் மூணுல வெச்சாரு. "கண்ணை மூடிக்கோ. நான் வாசிக்கிறேன், எது எதுன்னு சொல்லு."

சொல்ல முடியல, அந்த வால்யூம்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் கேட்டுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு!

கடல் காத்துல துரு புடிக்காததா பாத்துத் தூக்கிகினு வந்துட்டேன்.

சண்டை போட்ட தோஸ்துங்களே, உண்மையச் சொல்லுங்க: உங்க வூட்ல வால்யூம் எத்தினில கீது?